காந்தம் தின்ற பாடங்கள்

போன மாதம், நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை போன் செய்தார். கணக்கு டீச்சர்தான். நான் உட்கார்ந்த நாற்காலிக்கு எனக்குப் பின் வந்தவர்களில் நான்காமவரோ ஐந்தாமவரோ. "மேடம், ஸ்மார்ட் போர்டு வேலை செய்யல. நெட் கட்டாயிடுச்சி. காலையிலேர்ந்து சும்மா உக்காந்துக்கினு இருக்கேன். உங்க காலத்துல இந்தப் பேஜாரெல்லாம் இல்ல, நிம்மதியா பாடம் நடத்தியிருப்பீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க காலத்துப் பேஜாரு உனக்குத் தெரியாதும்மா, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா" என்றேன். வந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, இதை எழுதித் தந்தால்தான் எழுந்து போவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். நடுநடுவே பெருமை அடித்துக்கொள்வேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு.

திண்டிவனத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. எண்பதுகளின் நடுவில் ஒருநாள், மத்திய அரசுத் திட்டம் ஒன்றில் எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். யாராவது ஒருவர் பயிற்சிக்குப் போக வேண்டும். கோடை விடுமுறையில் பயிற்சி என்றதும் அறையிலிருந்த எல்லோருக்கும் வீட்டில் விசேஷம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சில வாரங்கள் உட்கார வைத்து, முதல் பாதியில் கம்ப்யூட்டர் எதையெல்லாம் செய்யும் என்றும், மறுபாதியில் எதையெல்லாம் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். மீதியை நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

வந்த பெட்டியை இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் நம்ப மாட்டார்கள். தட்டச்சு எந்திரம் மாதிரி ஒரு விசைப்பலகை, அதற்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும். பக்கத்தில் டி.வி. பெட்டி போல ஒரு திரை. பாடங்கள் எல்லாம் கேசட்டில் வரும். பாட்டுக் கேட்கிற அதே கேசட், அதே டேப் ரெக்கார்டர். பிளே பட்டனை அழுத்தினால் கீச்சென்று காதைக் குத்தும் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் பாடம். அதைக் கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டு உள்வாங்கும். நடுவில் ஒரு சொடுக்கு மின்சாரம் இறங்கினால் கேட்டது அத்தனையும் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இப்போது எங்கள் தலைமையாசிரியையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஞானசௌந்தரி அம்மா. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வராந்தாவில் வருவது சாவிச் சத்தத்தில் தெரியும். அது தெரிந்தே குலுக்கிக்கொண்டு வருவார். "திடீர்னு போயி நின்னு பசங்கள பயமுறுத்தறது அசிங்கம் வசந்தா, திருந்தறதுக்கு டைம் குடுக்கணும்" என்பார். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அவர் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தால் பியூனிலிருந்து உதவித் தலைமையாசிரியை வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டர் அறைக்கு அவர் வைத்த நடைமுறை ஒரு கோயிலுக்குக்கூட இருக்காது. வாசலில் செருப்பை விட வேண்டும். ஈரத்துணியில் கால் துடைக்க வேண்டும். ஏ.சி. வாங்க வழியில்லாததால் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு, அதில் தண்ணீர் தெளிக்க ஒரு முறை வைத்திருந்தார். பெட்டியைப் போடவும் ஒரு வரிசை: முதலில் ஸ்டெபிலைசர், அதன் முள் நடுக்கோட்டுக்கு வந்த பிறகு திரை, திரை சூடான பிறகு கம்ப்யூட்டர். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழாக. ஒரு வெள்ளிக்கிழமை பியூன் பக்தியோடு பெட்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டார். அம்மா கிசுகிசுப்பாகக் கேட்டார்: "சந்தனம் காஞ்சி உள்ள கொட்டிச்சின்னா நீ வந்து நோண்டி எடுப்பியாப்பா?" அன்றோடு சந்தனம் நின்றது.

இன்னொரு விதியும் இருந்தது. அது அவர் போட்டதல்ல, திட்டத்தோடு வந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவிகள் மட்டுமே தொடலாம். கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கலாம்.

எட்டிப் பார்த்தவர்களில் முதல் ஆள் அஞ்சலை. ஒலக்கூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு. அந்தப் பிரிவைப் பற்றி ஆசிரியர் அறையில் யாரும் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. நான்தான் அவர்களுக்குக் கணக்கு. அஞ்சலைக்குக் கணக்கு வராது, வாய் வரும். கோணமானியைக் கொடுத்தால் அதை வைத்து நிலா வரைவாள். ஏன்டி என்று கேட்டால், "கோணத்த அளந்து நான் இன்னா டீச்சர் பண்ணப்போறேன்? மல்லாட்டை புடுங்கறதுக்குக் கோணம் பாக்க சொல்றாங்களா?" என்பாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர். வகுப்பே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

ஜன்னலில் நின்று திரையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எங்களுக்குத்தான் இங்கிலீஷ் வராதுன்னு பாத்தேன் டீச்சர். இதுக்குத் தமிழே வரலியே! இது எந்த செக்‌ஷன்?"

அவள் சொன்னது நியாயம்தான். கேசட்டில் வந்த பாடங்கள் எல்லாம் ஆங்கிலம். பனி பெய்யும் ஊரில் ஒருவன் ரயிலுக்குக் கிளம்புவான். நம் பிள்ளைகள் பார்க்காத நாணயத்தில் சில்லறை வாங்குவான். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் பயபக்தியோடு பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கற்றுக்கொண்டார்களா என்று கேட்டால் கால் துடைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு அது ஆற்றாமையாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையையும் கெட்டிக்காரியாக்க முடியவில்லையே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொருமுவேன்.

அந்த நிலைமையில்தான் விழுப்புரத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அளந்து பேசுகிறவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்காரும் ரகம். "போடுங்க பாப்போம்" என்றார். ஸ்டெபிலைசர், முள், திரை, கம்ப்யூட்டர் எல்லாம் வரிசைப்படி. கேசட்டைப் போட்டேன். கீச் சத்தத்துக்குப் பதில் உஸ்ஸென்று வெறும் காற்று. திருப்பிப் போட்டேன். உஸ். அடுத்த கேசட், அதற்கடுத்தது, பெட்டியிலிருந்த எல்லாம் உஸ்.

கேசட்டெல்லாம் எங்கே இருந்தன என்று பியூனைக் கேட்டேன். "ஃபிசிக்ஸ் லேப் பீரோவுலதான் டீச்சர். பெரியம்மா சொல்லித்தான் போன வாரம் மாத்தினேன்" என்றார். தலைமையாசிரியைக்குப் பியூனும் பிள்ளைகளும் வைத்த பெயர் அது. ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன். கேசட்டுகள் இருந்த தட்டில், அவற்றுக்கு இருபுறமும் காவல் வைத்த மாதிரி, செய்முறைத் தேர்வுக்கான லாட காந்தங்களும் சட்டக் காந்தங்களும் புத்தம் புதிதாக அடுக்கியிருந்தன. கேசட் நாடாவில் இருப்பதே காந்தப் பதிவுதான். மொத்தப் பாடத்தையும் அவை தின்று தீர்த்திருந்தன.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். அதிகாரி தலைமையாசிரியையைப் பார்த்தார். "காந்தத்துக்குப் பக்கத்துலயா வெச்சீங்க?"

வேறு யாராக இருந்தாலும் பியூன் தலையில் கட்டியிருப்பார்கள். ஞானசௌந்தரி அம்மா நிமிர்ந்து நின்று, "நான்தான் வெக்க சொன்னேங்க சார். இந்த ஸ்கூல்ல ரெண்டு பூட்டு இருக்கறது அந்த பீரோ ஒண்ணுக்குத்தான்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். வேறு கேசட் வருவதற்கு நாளாகும், பாடம் இல்லாத பெட்டி இங்கே தூங்குவதை விட விழுப்புரத்தில் ஓர் ஆண்கள் பள்ளிக்குப் போகட்டும், அங்கே கேசட் பத்திரமாக இருக்கிறது என்றார். அம்மாவின் குரல் இறங்கியது. "அரையாண்டு முடிஞ்சதும் விழுப்புரத்துல கண்காட்சி இருக்குதில்லைங்களா? அதுவரைக்கும் விட்டு வைங்க சார். நாங்க வந்து பாடம் காட்டறோம்."

"எதக் காட்டுவீங்க? வெறும் டேப்பையா?"

"பாடம் காட்டுவோம் சார். பிடிக்கலன்னா பெட்டிய அங்கயே விட்டுட்டு வந்துடறோம்."

அவர் ஜீப் கிளம்பிப் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் சொல்லிட்டேன் வசந்தா. நீ செஞ்சுடு" என்று சொல்லிவிட்டுச் சாவியைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பயமாக இருந்தது உண்மை. ஆனால் மனசுக்குள் அந்தக் காந்தங்களுக்கு ஒரு கும்பிடும் போட்டேன். பனி பெய்யும் ஊர் ஒழிந்தது. இனி நம் பாடத்தை நாமே எழுதலாம், அதுவும் தமிழில்.

தமிழில் என்று சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பெட்டிக்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஒரு வழி இருந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டம் எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று சொன்னால் அந்த உருவத்தை ஓர் எழுத்தாகப் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அதை எண்ணில் சொல்ல வேண்டும். வரிசையின் முதல் கட்டத்துக்கு மதிப்பு நூற்று இருபத்தெட்டு, அடுத்ததற்கு அதில் பாதி, அதற்கடுத்ததற்கு அதிலும் பாதி, இப்படியே கடைசிக் கட்டத்துக்கு ஒன்று. எரிகிற கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு இப்படி எட்டு எண்கள். மொத்தம் முப்பத்திரண்டு எழுத்துக்குத்தான் இடம்.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் 'க' எழுதிப் பார்த்தேன். நண்டு மாதிரி வந்தது. எதிரே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த தையல் டீச்சர் மேரி எட்டிப் பார்த்தார். பொம்மையார்பாளையத்துக்காரர், அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். "இன்னா டீச்சர், மேட்டித் துணிக்கு டிசைன் போடறீங்களா? எங்கிட்ட கேக்கலாமில்ல?" என்றார்.

மேட்டித் துணி என்பது கட்டம் கட்டமாக நெய்த கெட்டித் துணி. கட்டத்துக்கு ஒரு குறுக்குத் தையல் போட்டுப் பூ, கிளி, எழுத்து எல்லாம் கொண்டுவருவார்கள். அந்நாளில் பெண்கள் பள்ளியில் படித்த எவருக்கும் அது தெரியாமல் இருக்காது. எனக்குத் தெரியும், ஆனால் என் கிளியைக் கிளி என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. மேரி டீச்சர் என்னைத் தையல் அறைக்கு இழுத்துப் போய் ஒரு துணியை விரித்தார். 'நல்வரவு' என்று தைத்திருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கட்டத்துக்குள் சிக்கென்று உட்கார்ந்திருந்தது. யார் தைத்தது என்று கேட்டேன்.

"ஒங்க அஞ்சலதான். வாய் பேசிக்கினே தெக்கிறா கழுத."

மறுநாளிலிருந்து தையல் வகுப்பும் கணக்கு வகுப்பும் ஒன்றாயின. சி பிரிவுக்கு நான் கணக்கு என்ற சொல்லையே எடுக்கவில்லை. பெட்டிக்குத் தமிழ் சொல்லித் தரப்போகிறோம், துணியில் எழுத்துப் போடுங்கள், எந்த வரிசைக்கு என்ன நம்பர் என்று பெட்டி கேட்கும், அதையும் சொல்ல வேண்டும் என்றேன். 'ப' சுலபமாக வந்தது: இரண்டு சுவர், ஒரு தரை. சுவர் வரிசைக்கு நூற்று முப்பது, தரைக்கு இருநூற்று ஐம்பத்து நான்கு. 'ட' அதைவிடச் சுலபம். 'ண்' ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு இடம் கேட்டது. காலும் கொம்பும் தனி இடத்தில் இருந்தால் எல்லா எழுத்துக்கும் அதையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தது அஞ்சலைதான். முப்பத்திரண்டு இடத்துக்குள் எப்படி அடக்குவது என்று அந்தப் பெண்கள் போட்ட சண்டையைப் போல ஒரு சண்டையை எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அஞ்சலை ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். "டீச்சர், எனக்கு ஒரு டவுட்டு. வேற வேற டிசைனுக்கு ஒரே நம்பர் வந்துடுச்சின்னா பொட்டி எதுன்னு கண்டுபுடிக்கும்?"

"வருமா? தேடிப் பாரேன்" என்றேன். அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் தேட ஆரம்பித்தது. சாப்பாட்டு வேளையில், பஸ்ஸில், கோலமாவுக் கையோடு வாசலில் எல்லாம் தேடினார்கள். "கெடச்சிடுச்சி" என்று ஒருத்தி ஓடி வருவாள். கூட்டல் தப்பாக இருக்கும். ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் அஞ்சலை வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.

"வரவே வராது டீச்சர். தேடறது வேஸ்ட்டு."

"எப்படிச் சொல்றே?"

"பெரிய கட்டம் நூத்தி இருவத்தெட்டு. அதுக்குக் கீழ கீற அத்தனையும் சேத்து எரிய வுட்டாக்கூட நூத்தி இருவத்தேழுதான் வருது. ஒண்ணு கொறையுது. அப்ப பெருசு எரியுதா இல்லியான்னு நம்பரப் பாத்தாலே தெரிஞ்சிபூடும். அத எடுத்துட்டா அடுத்ததும் அதே கதெ. அதுக்குக் கீழ கீறதயெல்லாம் சேத்தாலும் ஒண்ணு கொறையுது. கடேசி வரைக்கும் இதே கததான். அப்பறம் எப்பிடி டீச்சர் ஒரே நம்பர் வரும்?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். கல்லூரியில் எனக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி நிரூபித்தார்கள். இவள் ஊசி நூலோடு நிரூபித்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை. "இன்னா டீச்சர், தப்பா?" என்று கேட்டாள். "இல்லடி, முழுக்க முழுக்க சரி" என்றேன். முப்பத்தைந்து வருட வேலையில் எனக்குக் கிடைத்த நல்லாசிரியர் விருது அதுதான் என்பேன்.

என்ன பாடம் என்பதையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். மேரி டீச்சர் தன் அண்ணன்மார் கரையில் தெரியும் விளக்கைக் குறிவைத்துப் படகைத் திருப்புவதைச் சொன்னார். உடனே அஞ்சலை, "அது கோணம்தானே டீச்சர்?" என்றாள். நிலா வரைந்த அதே பெண். திரையில் ஒரு படகு, கரையில் ஒரு விளக்கு. எத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று ஊகித்து எண்ணை அடிக்க வேண்டும். குறைவாகத் திருப்பினால் 'பத்தல' என்று வரும். அதிகமானால் 'தாண்டிட்டே'. சரியாக இருந்தால் படகு நகர்ந்து போய்க் கரை தட்டும், 'கரை வந்தாச்சு'.

தலைமையாசிரியை இதைத் தாளில் படித்துவிட்டு என்னை அறைக்குக் கூப்பிட்டார். கிசுகிசுப்பான குரல். "அதிகாரி உக்காந்து பாக்கறப்போ பொட்டி அவர 'தாண்டிட்டே'ன்னு நீ வா போன்னு பேசுமா? 'தாண்டிட்டீங்க'ன்னு மாத்து."

அதைச் சொல்ல அஞ்சலையிடம் போனேன். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "'க' கரையிலயே கீது. டீ, ங். ரெண்டு எழுத்து ஜாஸ்தி டீச்சர். படகும் வெளக்கும் போக ஒரு எடங்கூட பாக்கி இல்ல. மரியாத குடுத்தா வெளக்கத் தூக்கணும். பெரியம்மாவையே கேளுங்க, வெளக்கு வேணுமா, 'ங்க' வேணுமான்னு."

கேட்டேன். அம்மா சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிவிட்டு, "வெளக்கு இருக்கட்டும்" என்றார். முகத்தில் திருப்தி இல்லை.

எண்களை நான்தான் விசைப்பலகையில் அடித்தேன். சி பிரிவுக்கு உள்ளே அனுமதி இல்லையே. திரையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு முதல் எழுத்தை வரவழைத்தேன். வெட்டிவேர்த் தட்டியை ஒதுக்கிக்கொண்டு கம்பிக்கு வெளியே முகங்களாக இருந்தன. 'ப' வந்தது. "ஐயோ, என் 'ப'டீ!" என்று ஒரு கூச்சல். அஞ்சலை மட்டும் கம்பிக்குள் கையை நீட்டி, விசைப்பலகை எட்டுமா என்று பார்த்தாள். எட்டவில்லை. "ஒரே ஒரு தட்டு தட்டிக்கிறேன் டீச்சர்" என்றாள். எனக்கு ஆசைதான். ஆனால் அதிகாரி பெட்டியையே எப்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்கும்போது விதியை மீறப் பயம். "மொதல்ல பொட்டி நம்மகிட்ட இருக்கட்டும்டி, அப்புறம் பாக்கலாம்" என்றேன். கையை வெளியே இழுத்துக்கொண்டாள். அவள் அத்தனை நாளில் வாயைத் திறக்காமல் போனது அன்று ஒரு முறைதான்.

கண்காட்சிக்கு வேன் பிடித்து விழுப்புரம் போனோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் விளக்கிச் சொல்ல. அஞ்சலையும் இன்னொருத்தியும், அம்மாவின் வார்த்தையில், "சாமான் தூக்க". பாடம் பதிந்த கேசட்டை அம்மா தன் கைக்குட்டையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வேனில் ஸ்பீக்கர் இருக்கிறதா, அதில் காந்தம் இருக்குமா என்று டிரைவரைக் குடைந்தெடுத்துவிட்டார். மண்டபத்தில் எங்களுக்குக் கொடுத்த மேசை அழுக்காக இருந்தது. மேரி டீச்சர் தூக்கி வந்த மேட்டித் துணியை அதன்மேல் விரித்தார். எழுத்துகள் எல்லாம் தைத்த அதே துணி. பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று. அதன்மேல் பெட்டியையும் திரையையும் வைத்தோம்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். கேசட்டைப் போட்டேன். கீச் சத்தம் ஓட ஆரம்பித்தது. என் உயிரும் அதோடு ஓடியது. பாதியில் மண்டபத்து விளக்குகள் மங்கின. வயல்களில் பம்ப் செட் எல்லாம் ஓடும் நேரம் போல. திரையில் படம் சுருங்கியது, ஸ்டெபிலைசர் டக்கென்றது, கீச் சத்தம் முனகலாகி நின்றது. மூடியைத் திறந்தேன். நாடா உருளையில் சுற்றிக்கொண்டு இடியாப்பமாக வெளியே வந்தது, நடுவில் அறுந்து.

இன்னொரு கேசட் இல்லை. அதிகாரி, "சரிம்மா, அடுத்த ஸ்கூல் வரட்டும்" என்றார். எங்கள் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டிய பள்ளிக்காரர்கள் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். படகு நகரும் நிரல் சின்னது, எனக்கு மனப்பாடம். ஆனால் எழுத்துகளின் எண்கள்? இருநூறுக்கு மேல் எண்கள். எந்த மனுஷிக்கு மனப்பாடமாக இருக்கும்?

"டீச்சர்! துணி கீதில்ல! பொட்டிக்கு அடியில!"

அஞ்சலைதான். கத்திவிட்டு, யாரையும் கேட்காமல் திரையைத் தூக்கினாள், நான் பெட்டியைத் தூக்கினேன். மேரி டீச்சர் துணியை உருவினார். அஞ்சலை அதைத் தோளில் போட்டு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அடிங்க டீச்சர், நான் சொல்றேன்."

அப்போது மண்டபத்தில் எங்கள் தலைமையாசிரியையின் கிசுகிசுப்பு கேட்டது. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போன கிசுகிசுப்பு. "ஹால்ல ஒரு ஃபேன் ஓடக்கூடாது, ஒரு லைட்டு எரியக்கூடாது. எல்லாத்தையும் நிறுத்துங்க." யாரோ தயங்கினார்கள். "அவர் தலைக்கு மேல இருக்கறதையும்" என்று அதிகாரியின் மின்விசிறியைக் காட்டினார். அது நின்றது. ஸ்டெபிலைசரின் முள் மெல்ல நடுக்கோட்டுக்கு ஏறியது.

"படிடி" என்றேன்.

அஞ்சலை துணியைப் பார்த்தாள். அதில் எண் எதுவும் எழுதவில்லை. கறுப்புத் தையல் கட்டங்கள் மட்டும்தான். ஒவ்வொரு வரிசையையும் கண்ணாலேயே கூட்டி வாயால் கொட்டினாள். "சைபர். நூத்தி முப்பது. நூத்தி முப்பது. நூத்தி முப்பது. நூத்தி முப்பது. நூத்தி முப்பது. எரநூத்தி அம்பத்தி நாலு. சைபர். 'ப' முடிஞ்சிச்சி, அடுத்தது 'த'." என் விரல்கள் அவள் வாய்க்கு ஈடு கொடுக்க முடியவில்லை. "ஜல்தி டீச்சர்" என்று என்னையே விரட்டினாள். ஜனம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அழைப்பிதழால் விசிறிக்கொண்டு பார்த்தது. சிலர் எழுந்து மேசையருகே வந்துவிட்டார்கள்.

அதிகாரியும் எழுந்து வந்தார். துணியைப் புரட்டிப் பார்த்தார், பின்பக்கம் எங்காவது எண் எழுதியிருக்கிறதா என்று. இல்லை. "நம்பர் எங்கம்மா இருக்கு?"

"கட்டத்துலயேதான் சார் கீது. இந்தக் கட்டம் எரிஞ்சா நூத்தி இருவத்தெட்டு, இது அதுல பாதி, இது அதுலயும் பாதி. கூட்டிக்கினே போவணும்." அவர் ஒரு வரிசையைத் தொட்டார், அவள் எண்ணைச் சொன்னாள். வேறொன்றைத் தொட்டார், சொன்னாள். அவர் உதட்டை அசைத்துக் கூட்டிப் பார்த்து முடிப்பதற்குள் அவள் மூன்றாவதற்குப் போயிருந்தாள். "நீ எந்தக் குரூப்பு?" என்று கேட்டார்.

"ஒம்போதாவது சி, சார்."

"சி-யா?" என்று ஞானசௌந்தரி அம்மாவைப் பார்த்தார். "அப்போ இந்தப் பொண்ணே ஏன் டைப் பண்ணல?"

"ரூல் இல்லைங்க சார். பதினொண்ணு, பன்னெண்டு மட்டுந்தான் தொடணும்" என்றார் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

எண்கள் முடிந்தன. நிரலை நினைவிலிருந்து அடித்தேன். திரையில் படகும் விளக்கும் வந்தபோது மண்டபமே கை தட்டியது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்துவிட்டார். ஒரு கோணத்தை ஊகித்து அடித்தார்.

'தாண்டிட்டே' என்றது பெட்டி.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு, அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான், வயிறு குலுங்கச் சிரித்தார். மறுபடி அடித்தார். 'பத்தல'. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூன்றாவது முறை அடித்தார். படகு நகர்ந்து நகர்ந்து விளக்கடிக்குப் போனது. 'கரை வந்தாச்சு'. கடிகாரத்தைப் பார்க்க அவருக்கு மறந்தே போய்விட்டது.

பெட்டி எங்களோடு வேனில் திண்டிவனம் திரும்பியது. அடுத்த சில நாளில் வந்த கடிதத்தில், எல்லா வகுப்பு மாணவியரும் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக நானும் மேரி டீச்சரும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தோம். மறு ஆண்டு சி பிரிவு பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கிய மதிப்பெண்களைப் பார்த்து ஏ பிரிவு டீச்சர் என்னோடு சில காலம் பேசவில்லை. அந்தச் சந்தோஷத்தையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கடிதம் வந்த நாளைத்தான். சி பிரிவு முழுவதும் கம்ப்யூட்டர் அறை வாசலில் வரிசையாக நின்றது. ஞானசௌந்தரி அம்மா சாவியைக் குலுக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்து, "வாங்கடி உள்ள. செருப்ப விடணும், காலத் தொடைக்கணும், அதுல மாத்தமில்ல" என்றார். அஞ்சலை முதலில் போய் உட்கார்ந்தாள். விசைப்பலகை மேல் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு பாவாடை மடிப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு மேட்டித் துணியை எடுத்து விரித்தாள். டீ, ங்.

"பெரியம்மா, ரெண்டு எழுத்தும் தெச்சிக்கினு வந்துட்டேன். படகக் கொஞ்சம் சின்னதாக்கினா எடம் கெடைக்கும். அந்த ஆபீசர் சாருக்கு 'ங்க' போட்டுடட்டுமா?"

அம்மா அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"வேணாம்டி. அவரு தாண்டினது தாண்டினதுதான். மொதல்ல ஒம் பேர அடி."